கறிப் பற்று

எட்டு மாதமாக வேலையில்லாமல் இருந்த அந்த வாட்ச்மேன், கறிக் கிடங்கின் மேனேஜர் எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். மேனேஜர் கையில் ஒரு கேள்வித்தாள். மொத்தம் நூறு மார்க்.

"கறி இல்லாத சாப்பாடு எப்படிப்பா இருக்கும்?"

"அது சாப்பாடே இல்ல சார், தண்டனை."

மேனேஜர் மார்க்கைக் குறித்துக்கொண்டார்.

"இனிமே கறியே கிடையாதுன்னா?"

அவனுக்குக் குரல் தழுதழுத்தது. "அப்புறம் எதுக்கு சார் உயிரோட இருக்கணும்?"

மேனேஜர் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

"கறி கனவுல வந்திருக்கா?"

"நேத்துகூட தொடைக்கறி வந்துச்சு சார். பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு."

எல்லாக் கேள்வியும் முடிந்தபோது நூற்றுக்கு நூறு. மேனேஜர் எழுந்து வந்து கை குலுக்கினார்.

"இப்படி ஒரு மார்க்கை நான் பார்த்ததே இல்லப்பா. போயிட்டு வா."

"எப்ப சார் வேலைக்குச் சேரணும்?"

"வேலையா? இதுக்கு முன்னாடி இருந்த நாலு வாட்ச்மேனும் சரக்கைத் தின்னே தீர்த்துட்டாங்க. பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கச் சொல்றியா? கறின்னாலே காத தூரம் ஓடுற ஆளைத்தான் நான் தேடிட்டிருக்கேன்!"

வீட்டுக்குள் நுழைந்தவனின் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஏன் வேண்டாம்னுட்டாங்க?"

"கறி மேல எனக்கு ஆசை ஜாஸ்தியாம்."

அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது.

"யாருக்கு? பக்கத்து வீட்டுல முட்டை பொரிச்சாலே வாந்தி எடுக்கிற உங்களுக்கா?"