ரகசியக் கேள்வி

"ஆடிட்டர்கிட்ட கொடுத்திருந்தா அரை மணி நேர வேலை. கஞ்சத்தனம் பண்ணா இப்படித்தான்" என்றாள் மனைவி, துவைத்த துணிகளை மடித்தபடி.

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய இன்றுதான் கடைசி நாள். காலையிலிருந்து கம்ப்யூட்டரோடு மாரடித்துக்கொண்டிருந்தவருக்குப் பாஸ்வேர்டு மறந்து தொலைத்தது.

"லாகின் ஆரம்பிச்சுக் கொடுத்தவ நீதானே? ரகசியக் கேள்வி கேட்குது. முதல் குழந்தையோட பேராம். நம்ம பொண்ணு பேரைப் போட்டேன், தப்புங்குது. செல்லப் பேரும் தப்பாம். இன்னொரு தடவை தப்பாப் போட்டா பூட்டிக்கும்."

"தள்ளுங்க."

அவள் யோசிக்காமல் ஒரு பெயரைத் தட்டினாள். உடனே திறந்துகொண்டது. அவருக்குத் தெரிந்து அந்தப் பெயரில் குடும்பத்தில் யாருமே இல்லை.

"யாருடி இது?"

"பொண்ணுக்கு முன்னாடி பிறந்தவன்."

ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டே நாள் மூச்சுவிட்ட பிள்ளை. முப்பது வருஷமாக இருவரும் அவனைப் பற்றிப் பேசியதே இல்லை.

"அவனுக்குத்தான் நாம பேரே வைக்கலையே..." என்றார் அவர்.

"நீங்க வைக்கலை" என்றவள், அடுத்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.