பாலத்திலிருந்து திரும்பியவர்

"சார், இன்னிக்கு அந்தப் பாலத்துக் கதை வேணாம். கேட்டுக் கேட்டு ஜனங்களுக்குப் புளிச்சுப் போச்சு" என்றார் உதவியாளர், மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் பேச்சாளரின் சட்டையில் மைக்கைக் குத்தியபடி.

பேச்சாளருக்குச் சுருக்கென்றது. பதினாலு வருடமாக அவருக்குச் சோறு போட்ட கதை அது. ஆறு தன்னம்பிக்கைப் புத்தகங்கள், கார், சுவரொட்டியில் கைகட்டிச் சிரிக்கும் படம், எல்லாமே அதிலிருந்து வந்தவைதான்.

கடிகாரக் கடை நொடித்துப்போன ஒருவர், பாலத்தின் மேல் நின்றுகொண்டு, பத்திரிகையில் பார்த்த பேச்சாளரின் எண்ணுக்குப் போன் செய்கிறார். பேச்சாளர் நாற்பது நிமிடம் விடாமல் பேசுகிறார். "சரி சார், வீட்டுக்குப் போறேன்" என்று அவர் போனை வைக்கிறார். மகள் ஆசையாகக் கேட்டிருந்த சிவப்பு ஷூவை வழியில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார். அந்த இடம் வந்தால் போதும், அரங்கமே மூக்கை உறிஞ்சும்.

"வெளியில ஒரு அம்மா நிக்கறாங்க. ரெண்டே நிமிஷம் பேசணுமாம்."

"வரச் சொல்லு."

உள்ளே வந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பார்த்த முகமாக இருந்தது. எந்த ஊர்க் கூட்டமானாலும் முன்வரிசை ஓரத்தில் உட்காருபவர்.

"இன்னிக்கு அந்தக் கதை உண்டுதானே சார்?"

"இல்லம்மா. புதுசா வேற பேசப் போறேன்."

அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது.

"ஏழு மணி நேரம் பஸ்ல வந்திருக்கேன். கடைசியில அவர் வீட்டுக்கு வர்ற இடம் இருக்கே, அதையாவது சொல்லுங்க."

பேச்சாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேட்டாயா என்பதுபோல் உதவியாளரைப் பார்த்தார்.

"எத்தனை தடவைம்மா கேட்டிருக்கீங்க?"

"இதோட பதினோராவது. ஆனா போன தடவை மாத்திட்டீங்க. எப்பவும் மகதான் ஓடி வந்து கதவைத் திறப்பா. போன தடவை மனைவி திறந்தாங்கன்னு சொன்னீங்க."

பேச்சாளர் சட்டென்று சட்டை மைக்கை அணைத்தார். போனை வைத்த பிறகு நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது. மகள் சிவப்பு ஷூ கேட்டதாக அந்த மனிதர் போனில் சொன்னது நிஜம்; அதை வாங்கியதும் கதவைத் தட்டியதும் பேச்சாளரின் கைச்சரக்கு. அந்த எண்ணைத் திரும்ப அழைத்துக் கேட்க ஒருநாளும் அவருக்குத் துணிச்சல் வந்ததில்லை. இந்த அம்மாள் வெளியே போய் வாயைத் திறந்தால் இத்தனை வருடம் சம்பாதித்த பெயர் இன்றைக்கே காற்றில் பறந்துவிடும்.

உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு மெல்லச் சொன்னார்.

"அம்மா, உங்ககிட்ட மறைக்க விரும்பல. அவர் வீடு திரும்பினாரான்னு எனக்குத் தெரியாது. அந்தக் கடைசிப் பகுதி நானா சேர்த்தது. கேக்கறவங்களுக்குத் தெம்பா இருக்கட்டுமேன்னு செஞ்சேன். தயவுசெஞ்சு இதைப் பெரிசு பண்ணிடாதீங்க."

"நீங்களா சேர்த்ததுன்னு மொத தடவை கேட்டப்பவே தெரியும் சார்."

"தெரிஞ்சுமா இத்தனை தூரம் வர்றீங்க?"

வெளியே மேடையில் பேச்சாளரின் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டார்கள். கைதட்டல் கேட்டது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சிவப்பு ஷூ கேட்ட மக இப்ப காலேஜ் போறா சார். அன்னிக்குச் சாயங்காலம் அவ அப்பாவை நாலு பேர் தூக்கிட்டுதான் வந்தாங்க. அவரா நடந்து வந்து கதவைத் தட்டறது, நீங்க சொல்றப்ப மட்டும்தான்."