ஆச்சி வந்த நேரம்

"நிப்பாட்டுங்கண்ணே! மெஷினை மொதல்ல நிப்பாட்டுங்க!"

அய்யப்பன் திடுக்கிட்டு சுவிட்சிலிருந்து விரலை எடுத்தார். கையிலிருந்த பேட்டரி வட்ட ரம்பம் உறுமி அடங்கியது. வாசலில் கைப்பையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும்.

திருக்கோகர்ணத்தில் புதிதாகக் கட்டியிருக்கும் வீடு அது. வியாழக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். அதற்குள் அலமாரி வேலையெல்லாம் முடிந்தாக வேண்டும். வேலை கொடுத்த செட்டிநாட்டு ஆச்சி இருப்பது சென்னையில். இதுவரை எல்லாம் போன் பேச்சுதான். இன்றைக்கு நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

"வாங்க ஆச்சி! சாயந்தரமாத்தான் வருவீங்கன்னு நெனச்சேன்." அய்யப்பன் தோள் துண்டால் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வந்தது..." என்று தொடங்கியவள் ரம்பத்தைப் பார்த்ததும் அப்படியே நிறுத்தினாள். "இதென்னண்ணே, கார்டுல கட்டையைச் சொருகி வச்சிருக்கீங்க?"

பிளேடின் அடிப்பக்கத்தைத் தானாக மூடிக்கொள்ளும் தகடுதான் கார்டு. அது மூடாதபடி அய்யப்பன் ஒரு மரச்சில்லைச் செருகியிருந்தார்.

"அது சும்மாச் சும்மா வந்து மூடிக்குது ஆச்சி. கோடு தெரிய மாட்டேங்குது."

"மூடிக்கிறதுக்குத்தான் அதை வச்சிருக்கான். எடுங்க அதை."

அவர் மரச்சில்லைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனார்.

"பேட்டரியைக் கழட்டிட்டுக் கை வைங்க! தெரியாம சுவிட்சுல விரல் பட்டா என்ன ஆகும்?"

அய்யப்பனுக்குச் சுருக்கென்றது. செல்போனில் ரெண்டு வீடியோ பார்த்துவிட்டு வந்து தச்சனுக்கே வகுப்பு எடுக்கிறார்களே! ஆனால் வீட்டுக்காரர் சொல்லைத் தட்ட முடியுமா? பேட்டரியைக் கழற்றிவிட்டு மரச்சில்லை எடுத்து எறிந்தார். கார்டு டக்கென்று மூடிக்கொண்டது.

அவள் விடவில்லை. குனிந்து பார்த்தாள்.

"பலகை முக்கா இஞ்சு. பிளேடு என்னடான்னா ரெண்டு இஞ்சு வெளிய நிக்குது. பலகைக்குக் கீழ கால் இஞ்சு தெரிஞ்சாப் போதும், ஏத்தி வைங்க. தோள் துண்டை அங்கிட்டுப் போடுங்க, பிளேடுல சுத்திக்கும். கண்ணாடி எங்க?"

"பையில கெடக்கு ஆச்சி."

"பைக்கு எதுக்குண்ணே கண்ணாடி? போடுங்க."

அய்யப்பன் போட்டுக்கொண்டார். பலகையை இடது கையால் பிடிக்கப் போனவரை அவள் மறுபடியும் தடுத்தாள்.

"பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்க. மெஷினுக்கு ரெண்டு கையும் வேணும். மெஷினுக்கு நேர் பின்னால நிக்காதீங்க, கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி நில்லுங்க."

"இப்படிப் பாத்துப் பாத்துச் செஞ்சா வியாழக்கிழமைக்கு எப்படி ஆச்சி முடியும்?"

"முடியலைன்னா அடுத்த முகூர்த்தம். அதுக்காக ஒடம்பையா குடுக்கிறது?"

வீட்டுக்காரம்மாவே இப்படிச் சொன்னதும் அவருக்குப் பாதிப் பாரம் இறங்கியது. பேட்டரியை மாட்டினார்.

முதல் பலகை கோடு பிசகாமல் அறுபட்டது. இரண்டாவதும் அப்படியே. 'பரவாயில்லையே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். முழு நம்பிக்கையோடு மூன்றாவதை எடுத்தார். நாலடித் தேக்குப் பலகை. நீளவாக்கில் கிழிக்க வேண்டும்.

பாதி தாண்டியிருப்பார். ரம்பத்தின் சத்தம் சட்டென்று மாறியது. முறுக்கேறிய பலகை உள்ளே இருந்த பிளேடைக் கவ்விப் பிடித்தது. மறு நொடி ரம்பம் பலகையை விட்டுத் துள்ளிப் பின்னால் பாய்ந்தது.

டக்!

கார்டு மூடிவிட்டது. மூடிய தகடு அவர் தொடையை உரசிக்கொண்டு போனது. இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் ரம்பம் கையை விட்டுப் போகவில்லை. சுவிட்சை விட்டார். பிளேடு சுற்றி நிற்கும்வரை அசையாமல் நின்றார். பிறகு ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "ஒண்ணும் ஆகலைல?"

அய்யப்பன் வேட்டியைத் தடவிப் பார்த்தார். ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை.

"காலையிலேர்ந்து அந்தக் கட்டையோடதான் அறுத்துக்கிட்டு இருந்தேன் ஆச்சி." தூக்கி எறிந்த மரச்சில்லைப் பார்த்தார். "நீங்க மட்டும் வரலைன்னா..."

"வந்தாச்சுல்ல. எந்திரிங்க. நீளமாக் கிழிக்கையில அறுத்த வாய்க்குள்ள சின்ன ஆப்பு ஒண்ணு வச்சுக்குங்க. பலகை இறுக்காது." சொல்லிவிட்டு அவள் உள் அறைக்குப் போனாள்.

அய்யப்பன் எழுந்து நின்றார். போன் அடித்தது. கையெல்லாம் மரத்தூளாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அய்யப்பன், நாச்சம்மை பேசுறேன். வண்டி லேட்டாயிருச்சு. இப்பத்தான் திருச்சியைத் தாண்டியிருக்கேன்."

அவர் போனைப் பார்த்தார். உள் அறையைப் பார்த்தார்.

"அங்க பரிமளான்னு ஒரு பொண்ணு வந்துச்சா? அதுவும் மரவேலைதான் செய்யுது. இந்த வேலையை மொதல்ல அதுக்கிட்டத்தான் பேசியிருந்தேன். அவசரப்பட்டுச் செய்ய மாட்டேன், இன்னும் பதினஞ்சு நாள் வேணும்னுச்சு. அதான் ஒங்களுக்கு மாத்திட்டேன். வச்சிட்டுப் போன சாமானை எடுக்க வாரேன்னு சொல்லுச்சு. மனசுல கோவம் இருக்கும்ல... ஒங்ககிட்ட சண்டை கிண்டை போட்டுச்சா?"

உள்ளே இருந்து உளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வந்துகொண்டிருந்தாள்.

"போட்டாங்க ஆச்சி" என்றார் அய்யப்பன். "அதனாலதான் ரெண்டு காலோட நிக்கிறேன்."