ஒற்றைச் செருப்பு

அந்த ரப்பர் செருப்பு ஜோடி நூற்றெண்பது ரூபாய். மிச்சமிருப்பது ஒற்றை என்பதால் தொண்ணூறு என்று வைத்துக்கொள்ளலாம். அதை நாய் கடிக்காமலிருக்க, அரூரில் நாய்த் தீனிக் கடையில் நானூறு ரூபாய்ப் பொருளுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார் காளியப்பன்.

“மாட்டுத் தோல்ல செஞ்ச எலும்பு வயித்துல ஊதிக்கும். வெந்த எலும்பு ஒடைஞ்சு தொண்டையில குத்தும். இது ஏற்காட்டுக் காப்பிச் செடிக் கட்டைங்க, நாய் எவ்ளோ கடிச்சாலும் மாசக்கணக்குல தாங்கும்,” என்றார் கடைக்காரர் மாதவராஜ். “ஆனா இந்தக் காசுக்கு ரெண்டு ஜோடி புதுச் செருப்பே வாங்கலாமேங்க.”

“பழசுதாங்க வேணும். முந்நூத்தம்பது போட்டுக் குடுங்க.”

“ஒத்தைச் செருப்புக்கு இவ்ளோ காவலா?” என்று சிரித்தபடியே கொடுத்தார் மாதவராஜ்.

அடுத்த வாரம் காளியப்பன் மறுபடி வந்து நின்றார்.

“ஏங்க, நாய் கட்டையத் தொடலீங்களா?”

“விடாம கடிக்குதுங்க. செருப்பத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல.”

“அப்புறம் ஏங்க மொகம் இப்படி இருக்குது?”

“பையன் வண்டியில அடிபட்ட எடத்துல கெடைச்ச செருப்புங்க அது. நாய் எச்சில் பட்டத அவன் படத்துக்கு முன்னால வெக்கக் கூடாதுன்னு எங்க வூட்ல சோப்புப் போட்டுக் கழுவிட்டாங்க. அன்னைலேர்ந்துதான் நாய் கட்டையக் கடிக்குது.”

காளியப்பன் கடை அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“செருப்புலேர்ந்து போன அவன் வாசம் திரும்ப வர்ற மாதிரி ஏதாச்சும் விக்கறீங்களா? பேரம் பேச மாட்டேன்.”

மாதவராஜ் கல்லாவைத் திறந்து முந்நூற்றைம்பதை எடுத்து மேசைமேல் வைத்தார். காளியப்பன் அதைத் தொடவில்லை.