பம்பரில் இரண்டு தலைவர்கள்

பம்பரில் ஏறி உட்காரச் சொன்னதும் சிவசாமி முதலில் தன் வேட்டியைப் பார்த்தார். வெள்ளை வேட்டி.

பிறகு பக்கத்தில் உட்காரப் போவது யாரென்று பார்த்தார். அழகுமுத்து.

வேட்டி பரவாயில்லை என்று தோன்றியது.

தலவாக்கலையில் கராஜ் வைத்திருக்கும் சப்ராஸ் பொறுமையாகத்தான் விளக்கினான். பின்னால் தட்டு வைத்த கெப் வண்டியின் முன்னால் வின்ச் பூட்டப் போகிறான். மழைக்கு ரோட்டில் மரம் சரிந்தால் கம்பி கட்டி இழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் வின்ச் நல்ல கனம். பூட்டினால் வண்டி மூக்கால் மண்ணை முகரும். அதனால் முன்சக்கரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பியை இறுக்கி, முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கியிருக்கிறான். இனி பாரம் வைத்து அளக்க வேண்டும். வின்ச் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை. இரண்டு ஆள் உட்கார்ந்தால் அந்தப் பாரம் வரும்.

கல்லை வைத்தால் ஆகாதா என்று அழகுமுத்து கேட்டார். ஓட்டும்போது கல் உருண்டு விழுந்திடும், தலைவர்மார் எதையும் பிடிச்சா விடமாட்டீங்களே என்றான் சப்ராஸ்.

அவர்களுடைய தேயிலைத் தோட்டத்துக்கு இரண்டு தொழிற்சங்கம். மேட்டுப் பிரிவான மேல்கணக்கின் லய வீடுகளுக்கு அழகுமுத்து தலைவர், பள்ளத்துப் பிரிவான கீழ்க்கணக்குக்குச் சிவசாமி. சிவசாமி டீ குடிக்கும் கடையில் அழகுமுத்து தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அழகுமுத்து முடிவெட்டும் சலூனுக்குச் சிவசாமி போவதில்லை. பக்கத்தில் வேறு சலூன் இல்லாததால் சிவசாமிக்குச் சாமியார் களை வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆள் கொண்டுபோக இரண்டு சங்கமும் சேர்ந்துதான் இந்தப் பழைய கெப்பை வாங்கின. ராத்திரியில் எங்கே நிறுத்துவது என்பதில் நின்றுவிட்டது. மேலே என்றார் அழகுமுத்து. கீழே என்றார் சிவசாமி. முடிவாகாமல் சாவியைக் கொடுக்கக்கூடாது என்று இருவரும் தனித்தனியாக வந்து சப்ராஸிடம் சொல்லிவைத்தார்கள்.

மேல்கணக்கில் ஜீவராணிக்கு மாதம் நெருங்கிவிட்டது. போன மழையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு, விழுந்த மரத்துக்கு மேலே ஏறிக் கடந்ததைத் தோட்டம் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. வானமும் கறுத்து வந்தது.

உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு சங்கம் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு.

இறுக்கிய கம்பி படியவேண்டும் என்று சப்ராஸ் வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டினான். ரோட்டில் போன ஹட்டன் பஸ் வேகத்தைக் குறைத்துப் பார்த்தது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கியதில் சிவசாமி அழகுமுத்துவின் தோளையும், அழகுமுத்து சிவசாமியின் இடுப்பையும் பிடித்தார்கள்.

நின்றதும் இருவரும் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

டேப்போடு வந்த சப்ராஸ், இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருப்பதாக அறிவித்தான். அது அழகுமுத்துவின் பக்கம். யார் சங்கத்துக்குக் கனம் என்று இப்போதாவது தெரிந்ததா என்பது மாதிரி அவர் நெஞ்சை நிமிர்த்தினார். சப்ராஸ் ஸ்பேனரோடு அடியில் நுழைந்தான்.

பொனட் மேல் இருந்த அவனுடைய போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ், பச்சையை அமத்தி ஸ்பீக்கரில் போடுங்க தலைவர் என்று உள்ளிருந்து குரல் வந்தது. சிவசாமி அமத்தினார்.

“சப்ராஸ் நானா, அப்பாவும் மாமாவும் ஒரே பம்பர்ல உக்காந்துட்டாங்களா? எறங்க விட்றாதீங்க. ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, இவரு நம்பவே மாட்டேங்கிறாரு.”

ஜீவராணியின் குரல். மகள் அழகுமுத்துவின் மகனைக் கட்டி மேல்கணக்குக்கு வாழப்போன நாளிலிருந்து சிவசாமி அந்தப் பக்கம் ஏறியதில்லை.

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. சப்ராஸ் வெளியே வரவில்லை. புத்திசாலி.

அழகுமுத்து தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

“வண்டி கீழேயே நிக்கட்டும் சம்பந்தி. தலப்பிரசவம். புள்ள ஒங்க வீட்டுக்குத்தானே வரணும்.”

சிவசாமி அவர் பக்கம் திரும்பினார். இந்த நேரத்தில் பிள்ளையை இறக்கத்தில் நடக்கவிட முடியாது, வண்டி மேலேதான் நிற்கவேண்டும் என்றார்.

முடியாது, கீழேதான் என்றார் அழகுமுத்து.

மேலேதான் என்றார் சிவசாமி.

இருவரும் பம்பரைவிட்டு இறங்கவில்லை. போனையும் யாரும் நிறுத்தவில்லை. அந்த முனையில், நம்பமாட்டேன் என்றவன் சிரிக்கிற சத்தம் கேட்டது.