பெயர் இல்லாத கடிதம்

"நேரா மந்திரிக்கே எழுதிட்டேன் மேடம். இனி ஒரு பய தப்ப முடியாது" என்று கடிதத்தை மேஜைமேல் வைத்தான் ஸ்டெர்லின்.

தொடர்பு அலுவலர் கீதா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். செம்பூரிலிருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில், அரசு அதிகாரிகளுக்கு அலுவல் முறையில் யார் என்ன எழுதினாலும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஊழியர்கள் தாமாகப் போய் அதிகாரியைப் பார்க்கக் கூடாது, போன் செய்யக் கூடாது. ஒரே ஒரு கடிதம், அதுவும் அனுமதியோடு. விதி அப்படி.

"இன்னும் அனுப்பலையே?"

"உங்க கையெழுத்துக்குத்தானே கொண்டாந்திருக்கேன். சீக்கிரம் போடுங்க. வெள்ளிக்கிழமை பெரிய மழைன்னு சொல்லுதான்."

ஸ்டெர்லின் சிவில் துறையின் ஆய்வகப் பொறியாளன். சுனாபட்டியில் நாலா எனும் பெரிய கழிவுநீர்க் கால்வாயை ஒட்டிப் புதிதாகக் கட்டிய சுவரில் கான்கிரீட்டை உருளை உருளையாகக் குடைந்தெடுத்து, இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தவன் அவன்தான். இருபத்தைந்து மெகாபாஸ்கல் அழுத்தம் வரை தாங்க வேண்டியது, ஒன்பதிலேயே பொடிந்துவிட்டது. அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு முப்பத்தாறு வீடுகள் இருந்தன.

"வீட்டுக்காராகிட்ட சொன்னேளா?"

"சொல்லாம இருப்பேனா? 'சுவர் பக்கான்னு கார்ப்பரேஷன் சர்டிபிகேட் இருக்கு, நீ யாருடே'ங்கான். காகிதத்தைக் காகிதம்தான் அடிக்கணும் மேடம்."

"வீட்டு அட்ரஸ் போட்டு, சொந்தத் தாள்ல எழுதலாமே? குடிமகன் யாருக்கு வேணா எழுதலாம். அதுக்கு என் அனுமதியே வேண்டாம்."

"அதுல டெஸ்ட் ரிப்போர்ட்டை வைக்க முடியாதே. ரிப்போர்ட் யுனிவர்சிட்டி சொத்தாச்சே."

"அதான் விஷயம். லெட்டர்ஹெட்ல போனா பேசறது நீங்க இல்ல, யுனிவர்சிட்டி. அப்போ சரியான காதுல பேசணும். மந்திரிக்கு எழுதினா என்ன ஆகும் தெரியுமோ? அங்கேர்ந்து செகரெட்டரி, அங்கேர்ந்து கமிஷனர், அப்புறம் வார்டுன்னு மேஜை மேஜையா இறங்கும். கடைசியில சர்டிபிகேட் கொடுத்த ஆள்கிட்டயே வந்து நிக்கும், 'விளக்கம் தரவும்'னு. சுவர் நன்னா இருக்குன்னு அவரே பதில் எழுதுவார்."

"அரே! அப்ப என்ன செய்ய?"

"விஜிலன்ஸுக்கு எழுதுங்கோ. ஆனா அவா ஃபைல் திறக்கணும்னா ஓர் ஆளோட பேர் வேணும். நீங்க என்ன எழுதியிருக்கேள்? 'சம்பந்தப்பட்ட அதிகாரி.' அப்படி ஒருத்தர் எந்த ஆபீஸ்லயும் இல்ல, ஸ்டெர்லின்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் போனது.

"பேரு வேண்டாம் மேடம். எவனோ சின்னப் பயலா இருப்பான். மேல உள்ளவன் நீட்டுன இடத்துல கையெழுத்தைப் போட்டிருப்பான். பாவம், பொழப்பு போயிரும். சுவரை இடிச்சாப் போதும்."

கீதா கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மின்விசிறியில் கடிதத்தின் ஓரம் படபடத்துக்கொண்டிருந்தது.

"பாக்காம போட்டிருந்தாலும், போட்டது அவன்தானே" என்றார். "பேர் இல்லாத கடிதம் வெள்ளிக்கிழமைக்குள்ள எங்கயும் போய்ச் சேராது. முப்பத்தாறு வீடு. எழுதுங்கோ."

"பேரு தெரிஞ்சாத்தானே? இந்தக் கோழிக் கிறுக்கலை எவன் படிப்பான்?" என்று சர்டிபிகேட் நகலை அவர் பக்கம் தள்ளினான்.

கீதா அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

"ஷ்ரவண். ஜூனியர் என்ஜினியர்."

அரை மணி நேரத்தில் கடிதம் புதிதாகிவிட்டது. சர்டிபிகேட்டின் தேதியைச் சேர்க்கச் சொன்னார். பொடிந்த உருளையின் போட்டோவை இணைக்கச் சொன்னார். மூன்று இடத்தில் இருந்த 'தயவுகூர்ந்து'வை அவரே அடித்து நீக்கினார். பிறகு அனுமதிப் படிவத்தில் ஏதோ ஒரு வரி எழுதி, மடித்துக் கடிதத்தோடு பின் செய்தார்.

"ரெஜிஸ்ட்ரார்கிட்ட கொண்டு போங்கோ. அவர் போடுவார்."

"நீங்க?"

"நான் போடப் போறதில்ல."

ஸ்டெர்லினுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "இவ்வளவும் சொல்லிக் கொடுத்துட்டு இப்பக் கை நடுங்குதோ? பேரை எழுதச் சொல்லுதது நீங்க, மாட்டுதது மட்டும் நானா? அடுத்த வருஷம் ரிடையர்மென்ட்னு பயம் வருதாக்கும்."

"நான் போட்டா இந்தக் கடிதம் நிக்காது. போங்கோ, அவர் நாலு மணிக்குக் கிளம்பிடுவார்."

"நல்லாப் பேசுதீங்க மேடம்."

படிக்கட்டு முழுக்க அவன் பல்லைக் கடித்துக்கொண்டே ஏறினான். விதியைப் பிடித்துத் தொங்குகிற ஆட்கள் எல்லாரும் இப்படித்தான், கடைசி நேரத்தில் நழுவிவிடுவார்கள்.

ரெஜிஸ்ட்ரார் கடிதத்தை நிதானமாகப் படித்தார். படிவத்தைப் பிரித்து, அதிலிருந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"இப்பவே நேர்ல கொண்டு போய்க் கொடுத்துடுங்க."

"ஆகட்டும் சார். ஆனா கீதா மேடம் இப்படிப் பயந்து ஒதுங்குவாங்கன்னு நான் நினைக்கல."

அவர் படிவத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

'தொடர்பு அலுவலர் கையெழுத்திடாததன் காரணம்' என்ற இடத்தில் கீதா எழுதியிருந்தார்: 'கடிதத்தில் பெயர் குறிப்பிடப்பட்டுள்ள ஷ்ரவண் என் மகன்.'