சரிசெய்ய முடியாது

"இந்த வாஷிங் மெஷினைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணுமா? உனக்குக் கமிஷன் எவ்வளவு?"

வீட்டம்மா எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டாள். கம்பெனி மெக்கானிக் தலையைச் சொறிந்தான். கமிஷனாவது ஒன்றாவது! இன்று மாதக் கடைசி. ஒரு மெஷினாவது விற்காவிட்டால் வேலைக்கு வேட்டு.

"ஏழு வருஷம் தாண்டினா 'சரிசெய்ய முடியாது'ன்னு எழுதணும்மா. கம்பெனி உத்தரவு. இதுக்குப் பதினாலு ஆச்சு."

"ஆகட்டுமே! இத்தனை வருஷமா முனகாம உழைச்சுது. இப்ப வர்றது உழைக்குமா?"

எங்கே உழைக்கப் போகிறது! இப்போது வருவதில் இரும்புப் பல்சக்கரம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக். இரண்டே வருஷத்தில் பொக்கை வாயாகிவிடும். ஆனால் பாட்டுப் பாடும், விளக்கு மினுக்கும். இந்த அரிய யோசனையைச் சொன்ன புண்ணியவானுக்குப் பதவி உயர்வு வேறு கொடுத்தார்கள்.

"புதுசு பக்கமே போகக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் கண்டிப்பா சொல்லிட்டார்ப்பா." அவள் குரல் இறங்கியது. "மாமியார் படுத்த படுக்கை. தினம் எட்டு விரிப்பு. கையால துவைச்சு விரலெல்லாம் வெடிச்சுப் போச்சு."

விரல்களைப் பார்த்தான். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. பையின் அடியிலிருந்து ஒரு இரும்புச் சக்கரத்தை எடுத்தான். பழைய சாமான் கடையில் கிளறி, தன் வீட்டு மெஷினுக்காக வாங்கி வைத்திருந்தது.

மெஷின் ஓடியது. கம்பெனிப் படிவத்தில் 'சரிசெய்தாயிற்று' என்று உண்மையை எழுதித் தொலைத்தான்.

மத்தியானமே சர்வீஸ் பிரிவுத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். அந்த பிளாஸ்டிக் புண்ணியவானேதான்.

"விற்பனை பூஜ்யம். இதுல செத்த மெஷினுக்கு உயிர் வேற கொடுத்திருக்கே! எல்லாரும் இப்படிச் சரிபண்ணிட்டே இருந்தா கம்பெனி என்னய்யா ஆகறது? அடையாள அட்டையை வச்சிட்டுக் கிளம்பு."

"அந்தம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்க சார்..."

"அவங்க கஷ்டத்துக்கு நாமளா பொறுப்பு?"

அவன் அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். அப்போது தலைவரின் போன் அடித்தது. எடுத்தவர் முகம் மலர்ந்தது.

"என்னது, ஓடுதா? இரும்புச் சக்கரமே போட்டுட்டானா? அம்மாவோட விரிப்பெல்லாம் துவைச்சாச்சா? அப்பாடா!"

ஒரு கையால் அட்டையை இழுப்பறைக்குள் தள்ளிக்கொண்டே சொன்னார்:

"அவன் நம்பரைப் பத்திரமா வச்சுக்கோ. இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆள் கிடைக்கிறதே அபூர்வம். விட்டுடாதே!"